அனுமதிக் கடிதமா, தகவல் கடிதமா: ஒரு கல்லூரி எந்தப் பேச்சு விதியை எடுத்துக்கொள்ளலாம்?

கடலூரில் ஒரு சுயநிதிக் கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்திருக்கிறது. பாடத்திட்டம், தேர்வு எல்லாம் இனி அவர்கள் பொறுப்பு. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். கூடவே இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. கருத்தரங்கு, வெளிப் பேச்சாளர், மாணவர் இதழ், நாடகம், வாசிப்பு வட்டம் ஆகியவற்றுக்கு எழுத்தில் ஒரு விதி வேண்டும் என்று ஆட்சிக்குழு கேட்டிருக்கிறது. விதி எழுதும் குழுவில் இருக்கும் நண்பர் நான்கு வரைவுகளை அனுப்பி, "எதை எடுத்துக்கலாம்ண்ணே?" என்று கேட்டார். அவருக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

நான்கில் முதலாவது, எல்லாவற்றுக்கும் முன் அனுமதி. அடுத்தது, பேசக் கூடாத விஷயங்களின் பட்டியல். மூன்றாவது, சிகாகோ பல்கலைக்கழக அறிக்கையைப் பார்த்து எழுதிய திறந்த கதவு. கடைசியாக, அனுமதி கேட்காமல் தகவல் மட்டும் கொடுக்கும் முறை. யாரும் எழுதி அனுப்பாத ஐந்தாவது ஒன்றும் எப்போதும் உண்டு: விதியே வேண்டாம், வந்தால் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு வரி போதும். விதி இல்லாத கல்லூரியில் முதல் புகார் வரும் அன்று, மேனேஜ்மென்ட்டுக்கு யார் நெருக்கமோ அவர் சொல்வதுதான் விதி.

நான்கையும் பார்க்க நான் வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றே: யாரும் கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும்? நம் பக்கத்துக் கல்லூரிகளில் "முடியாது" என்று சொல்லிக் கூட்டத்தை நிறுத்துகிறவர்கள் குறைவு. கடிதம் பிரின்சிபால் மேஜையில் இருக்கும். "பார்க்கலாம் சார், மேனேஜ்மென்ட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்பார். பேச்சாளர் ரயில் டிக்கெட் போட வேண்டும். தேதி நெருங்கும். அப்புறம் இன்டர்னல் தேர்வு வந்துவிடும். மறுத்ததற்கு ஒரு காகிதம்கூட இருக்காது, மேல்முறையீடு செய்யவும் எதுவும் இருக்காது. விதியில் உள்ள நல்ல வார்த்தைகளை விட, இந்த "பார்க்கலாம்" எத்தனை நாள் ஓடலாம் என்பதே பேச்சின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

ஒப்பிடும் முன் ஒன்றைப் பிரித்துவிட வேண்டும். கருத்துச் சுதந்திரம் எல்லோருக்கும் உள்ளது. சரியாகப் பேசினாலும் உண்டு, தப்பாகப் பேசினாலும் உண்டு. கல்விச் சுதந்திரம் ஆசிரியருக்கும் ஆய்வாளருக்கும் அவர்கள் துறையை ஒட்டி வருவது. அங்கே சரி எது, தப்பு எது என்று அதே துறை தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். பூமி தட்டை என்று டீக்கடையில் யாரும் பேசலாம். புவியியல் வகுப்பில் அதை உண்மை என்று நடத்தினால் துறை கேள்வி கேட்கும், கேட்க வேண்டும். அமெரிக்கப் பேராசிரியர்கள் சங்கத்தின் 1940 அறிக்கை இதை ஆய்வு, வகுப்பறை, வெளியே குடிமகனாகப் பேசுவது என்று மூன்றாகப் பார்க்கிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம், நண்பர் அனுப்பிய வரைவுகளில் இரண்டு, பாடத்திட்டத்தையும் நிகழ்ச்சி விதிக்குள் இழுத்து வந்திருந்தன. நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் 2017 முதல் முதுகலை ஆங்கிலப் பாடத்தில் இருந்த அருந்ததி ராயின் நூல் ஒன்று, ஒரு மாணவர் அமைப்பு புகார் கொடுத்தபின் 2020 நவம்பரில் நீக்கப்பட்டது. அந்த நூல் நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. தன்னாட்சி வந்தபின் இப்படிப்பட்ட புகார் நேராக உங்கள் கல்லூரிக் கதவைத்தான் தட்டும். பாடம் சேர்ப்பதும் எடுப்பதும் பாடத்திட்டக் குழுவின் வேலை, காரணத்தை அந்தக் குழுவே எழுத வேண்டும் என்று தனியாக எழுதிவிடுங்கள். பேச்சு விதி அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இனி முன் அனுமதி. வரைவு இப்படிப் போகிறது: 15 நாள் முன்னால் விண்ணப்பம், பேச்சாளரின் தன்விவரம், பேச்சின் சுருக்கம், நாடகமென்றால் முழுப் பிரதி. மூத்த ஆசிரியர்கள் பலர் இதைத்தான் விரும்புகிறார்கள், அதில் நியாயமும் உண்டு. போலீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் பிரின்சிபால். அவருக்குத் தெரியாமல் செமினார் ஹாலில் ஒரு கூட்டம் நடப்பது சரியில்லை. நிகழ்ச்சி நடத்தும் இளம் ஆசிரியருக்கும் அனுமதிக் கடிதம் ஒரு கவசம் என்கிறார்கள்.

அந்தக் கவசத்தில்தான் எனக்குச் சந்தேகம். அனுமதி கொடுத்தவர் பேச்சுக்கும் உடந்தை ஆகிவிடுகிறார். "நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?" என்று நாளைக்கு யாரும் கேட்கலாம். அதனால் கையெழுத்துப் போடுகிறவர் பேச்சாளர் என்ன சொல்வார் என்பதை விட்டுவிட்டு, யார் கோபித்துக்கொள்வார்கள் என்று யோசிக்கத் தொடங்குகிறார். எவ்வளவு நல்ல மனிதரானாலும் இதுதான் நடக்கும். முன் அனுமதி விதி கெட்டவர்கள் கையில் ஆபத்து என்பார்கள். பயந்தவர்கள் கையிலும் அது அப்படியேதான் வேலை செய்கிறது.

காலாப்பட்டில் நடந்ததைப் பாருங்கள். 2024 மார்ச் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழக நிகழ்கலைத் துறையின் விழாவில் மாணவர்கள் போட்ட ஒரு நாடகம், ராமாயணப் பாத்திரங்களைக் கேலி செய்கிறது என்று சர்ச்சையானது. வெளியாட்கள் யாரும் வந்து போட்டதில்லை, துறையின் சொந்த விழா. காணொளி பரவியதும் போராட்டம், காவல்துறை வழக்கு, விசாரணைக் குழு, துறைத் தலைவர் பொறுப்பில் மாற்றம் என்று போனது. அதே வளாகத்தில் 2016இல் மாணவர் பேரவை கொண்டுவந்த ஆண்டிதழின் பிரதிகள் எரிக்கப்பட்டன, விநியோகம் நின்றது. இரண்டிலும் பிரச்சினை நிகழ்ச்சிக்குப் பிறகுதான் தொடங்கியது. முன் அனுமதி விதியோ முன்னால் நடப்பதை மட்டும் பார்க்கிறது. புகார் வந்தபின் யார் விசாரிப்பது, அதுவரை ஆசிரியர் அதே பொறுப்பில் இருப்பாரா, மாணவருக்கு ஹால் டிக்கெட் கிடைக்குமா என்பது பற்றி நண்பர் அனுப்பிய வரைவில் ஒரு சொல்கூட இல்லை.

சென்னை ஐ.ஐ.டி.யில் 2015இல் நடந்தது இன்னொரு பாடம். மத்திய அமைச்சகத்துக்குப் போன பெயரில்லாப் புகார் ஒன்று அங்கிருந்து ஐ.ஐ.டி.க்கு அனுப்பப்பட்டது. மே மாதம் அம்பேத்கர் பெரியார் வாசிப்பு வட்டத்தின் அங்கீகாரம் ரத்தானது. நிர்வாகம் சொன்ன காரணம் கருத்தைப் பற்றியதே இல்லை. நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்திய விதம் நெறிமுறைக்கு மாறானது என்றார்கள். நாடு முழுக்கப் பேச்சானபின் ஜூனில் அங்கீகாரம் திரும்ப வந்தது. நடைமுறை விதி எவ்வளவு நீளமாக இருக்கிறதோ, கருத்துப் பிடிக்காதபோது எடுத்துக் காட்ட அவ்வளவு காரணங்கள் கிடைக்கும் என்று நான் இதைப் படிக்கிறேன்.

முன் அனுமதி என்றால் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஞாபகம் வர வேண்டியது ஒன்று உண்டு. புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் சட்டம் மாறும் என்பது கடலூரில் எல்லோருக்கும் தெரியும்; இப்போது அது மதுப் பாட்டில் விலை சம்பந்தப்பட்ட ஞானம். நூறு வருஷத்துக்கு முன் அது எழுத்து சம்பந்தப்பட்டதாக இருந்தது. 1908இல் பாரதி புதுச்சேரிக்குப் போனது, பிரெஞ்சு எல்லைக்குள் பிரிட்டிஷ் போலீஸ் கைவைக்க முடியாது என்பதால். 'இந்தியா' இதழை அங்கிருந்து நடத்தினார். பிரிட்டிஷார் அதை அச்சகத்தில் தடுக்கவில்லை. தங்கள் எல்லைக்குள் வரவிடாமல் தடுத்தார்கள், 1910இல் இதழ் நின்றது. 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கைதாகிக் கடலூர் சிறையில் இருந்தார். டிசம்பரில் விடுதலையானபோது, எழுதுவதை வெளியிடும் முன் காவல்துறை உயரதிகாரியிடம் காட்ட வேண்டும் என்பதும் நிபந்தனைகளில் ஒன்று. பதினைந்து நாள் முன்னால் பேச்சின் சுருக்கம் கேட்கும் பிரின்சிபாலை நான் பிரிட்டிஷ் போலீஸ் என்று சொல்ல வரவில்லை. படிவம் மட்டும் அதே படிவம்.

இரண்டாவது வரைவு, தடைப் பட்டியல். அரசியல், மதம், சாதி, "பிறர் மனம் புண்படும் கருத்து" ஆகியவை வளாகத்தில் கூடாது. பார்க்கச் சுத்தமாக இருக்கிறது, எல்லோருக்கும் ஒரே சட்டம் மாதிரி. ஆனால் நான்கிலும் மோசமானது இதுதான் என்பேன்.

கடலூர் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு மதம், சாதி பேசாமல் தமிழ் இலக்கியம் எப்படி நடத்துவது? வடலூர் இங்கேதான் இருக்கிறது. சாதியும் சமயமும் பொய் என்று பாடிய வள்ளலாரை எந்த அலகில் வைப்பது? அவர் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற சர்ச்சை கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனதே, அதை ஒரு மாணவர் கட்டுரையாக வாசித்தால் அது மதமா, இலக்கிய வரலாறா? அரசியல் கூடாது என்றால், 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த ராஜேந்திரன் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்தான். சிதம்பரம் போகிற வருகிறவர்கள் பார்க்கும்படி அவருக்குச் சிலை இருக்கிறது. அந்தச் சிலைக்கு மாலை போடும் தலைவர்களை ஆண்டு விழாவுக்கு அழைத்துவிட்டு, மாணவர்கள் அரசியல் பேசக் கூடாது என்று சர்க்குலர் ஒட்டுவது கொஞ்சம் கூச்சமாக இருக்காதா?

"மனம் புண்படும்" என்ற சொற்றொடர்தான் பட்டியலிலேயே பெரிய ஓட்டை. 2012 அக்டோபரில் புதுச்சேரியைச் சேர்ந்த தொழில் செய்பவர் ஒருவர், ஒரு மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ பிரிவில் கைதானார். அந்தப் பிரிவில் "எரிச்சல்", "அசௌகரியம்" என்ற மாதிரிச் சொற்கள்தான் குற்றத்தை வரையறுத்தன. 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே நீக்கியது. எது குற்றம் என்று படித்தவருக்கே தெரியாத அளவுக்கு அது தெளிவில்லாமல் இருக்கிறது என்பது முக்கியமான காரணம். அதே தீர்ப்பு பேச்சை மூன்றாகப் பிரித்தது: விவாதிப்பது, ஒன்றை ஆதரித்து வாதாடுவது, தூண்டிவிடுவது. எவ்வளவு பிடிக்காததாக இருந்தாலும் முதல் இரண்டைத் தொடக் கூடாது. தூண்டிவிடுதல் என்ற கட்டத்துக்குப் போகும்போதுதான் கட்டுப்பாடு வரலாம். கல்லூரி விதிக்கு இதைவிடத் தெளிவான கோடு கிடைக்காது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டுமானதும் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1988இல் இனவெறிப் பேச்சையும் பாலினம் போன்றவற்றை வைத்து இழிவுபடுத்தும் பேச்சையும் தடுக்க ஒரு விதி போட்டது. நோக்கம் நல்லது, அந்த வளாகத்தில் கறுப்பின மாணவர்கள் பட்ட அவமானம் உண்மையானது. ஆனால் விதியை எதிர்த்து வழக்குப் போட்டவர் உயிரியல்–உளவியல் படித்த ஒரு முதுநிலை மாணவர். ஆண் பெண் வேறுபாடு பற்றிய கோட்பாடுகளை வகுப்பில் விவாதித்தாலே மாட்டிக்கொள்வேனோ என்பது அவர் பயம். 1989இல் நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. தெருவில் கத்துகிறவனுக்கு வலை விரித்தால் அதில் முதலில் சிக்குவது வகுப்பெடுக்கிறவர்.

சரி, சாதிப் பெயர் சொல்லித் திட்டினால்? மாணவியைத் தொந்தரவு செய்தால்? அதற்குத் தனிச் சட்டங்களும் குழுக்களும் ஏற்கனவே இருக்கின்றன: வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், உள் புகார்க் குழு, ராகிங் தடுப்பு விதிகள். ஓர் ஆளைக் குறிவைத்து அவமதிப்பதை அங்கே கொண்டுபோக வேண்டும். பல கல்லூரிகளில் அந்தக் குழுக்களின் பெயர்ப் பலகை மட்டும்தான் வேலை செய்கிறது என்பது தனிக் கவலை. பேச்சு விதியில் நாலு வார்த்தை சேர்த்து அதைச் சரி செய்துவிட முடியாது.

மூன்றாவது வரைவுதான் நண்பருக்குப் பிடித்தது. சிகாகோ பல்கலைக்கழகக் குழு ஒன்று 2015 ஜனவரியில் கொடுத்த அறிக்கையை அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொண்டன. பிடிக்காத கருத்திலிருந்து, ஆழமாகப் புண்படுத்தும் கருத்திலிருந்துகூட, மாணவர்களைக் காப்பது பல்கலைக்கழகத்தின் வேலை இல்லை என்கிறது அது. சட்டத்தை மீறுவது, அவதூறு, மிரட்டல், தொந்தரவு ஆகியவற்றைத் தடுக்கலாம். நேரம், இடம், நடத்தும் முறையை ஒழுங்குபடுத்தலாம். எதிர்ப்புத் தெரிவிக்கலாம், ஆனால் மற்றவர் பேசுவதை நடக்கவிடாமல் செய்யக் கூடாது. அதே பல்கலைக்கழகத்தின் 1967 அறிக்கை ஒன்று, அரசியல் சர்ச்சைகளில் நிறுவனம் பக்கம் எடுக்காமல் இருந்தால்தான் உள்ளே இருப்பவர்கள் எல்லாப் பக்கமும் பேச முடியும் என்றது.

படிக்க நன்றாக இருக்கிறது. எடுத்து ஒட்டினால் மூன்று இடத்தில் பிய்ந்துகொள்ளும். முதலாவது, நம் அரசியல் சாசனத்தில் கருத்துச் சுதந்திரம் தரும் 19ஆவது பிரிவின் (2)ஆம் உட்பிரிவு பொது ஒழுங்கு, ஒழுக்கம், அவதூறு என்று பல காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடுகளை அனுமதிக்கிறது. குற்றவியல் சட்டத்திலும், பிரிவினரிடையே பகை மூட்டுவது, மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய பழைய 153ஏ, 295ஏ பிரிவுகள் இப்போது 196, 299 என்று எண் மாறி உட்கார்ந்திருக்கின்றன. கல்லூரி கதவைத் திறந்து வைத்தாலும் வழக்கு நிகழ்ச்சி நடத்தியவர் மேல்தான் வரும். அவருக்கு வக்கீல் வைப்பது யார் என்று சிகாகோ அறிக்கையில் இருக்காது. இரண்டாவது, 19ஆவது பிரிவு முதன்மையாக அரசைக் கட்டுப்படுத்துவது. அரசுக் கல்லூரி, மத்தியப் பல்கலைக்கழக மாணவர் அதைச் சொல்லி உயர் நீதிமன்றம் போகலாம். தனியார்க் கல்லூரி மாணவருக்கு அந்த வழி அவ்வளவு நேரானதில்லை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்ற அமர்வின் பெரும்பான்மை, இந்த உரிமையை அரசல்லாதவர்களுக்கு எதிராகவும் கேட்கலாம் என்றது உண்மை. ஆனால் நாளை மாலை நடக்க வேண்டிய கூட்டத்துக்கு அதை நம்பி உட்கார முடியாது. தனியார்க் கல்லூரியில் உள்விதிதான் கைக்கெட்டும் பாதுகாப்பு, அதனால்தான் இந்த விதியை இவ்வளவு பார்த்து எழுத வேண்டியிருக்கிறது. மூன்றாவது, நடுநிலை. எந்த ஆட்சி வந்தாலும் அமைச்சர் படத்தோடு வாசலில் ஃப்ளெக்ஸ் வைக்கும் மேனேஜ்மென்ட் அந்தச் சொல்லை எழுதாமல் இருப்பதே நல்லது.

ஆனால் அந்த வரைவில் இருந்து ஒன்றைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்: "கலாட்டா வரும்" என்பது நிகழ்ச்சியை நிறுத்தக் காரணமாகக் கூடாது. இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. இட ஒதுக்கீட்டைப் பற்றிய ஒரு தமிழ்ப் படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 1989இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. போராட்டம், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்தை அடக்க முடியாது, கூட்டத்தைச் சமாளிக்க முடியாது என்று அரசு கைவிரிக்கவும் முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஆபத்துக்கும் பேச்சுக்கும் உள்ள தொடர்பு தொலைதூர ஊகமாக இருக்கக் கூடாது, வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறி போல நேரடியாக இருக்க வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

நான் கைகாட்டியது நான்காவதை, தகவல் முறையை. நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் தலைப்பு, பேச்சாளர், நேரம், இடம் நான்கையும் எழுதி ஐந்து வேலை நாள் முன்னால் கொடுத்துவிட வேண்டும். முதலில் கேட்டவருக்கு ஹால். பேச்சுச் சுருக்கம் கேட்கக் கூடாது. நிறுத்த வேண்டுமானால் மூன்று காரணம்தான்: அந்த நேரத்தில் ஹால் இல்லை, தேர்வு நடக்கிறது, அல்லது வன்முறைக்குத் தூண்டும் என்று நம்ப எழுதிக் காட்டக்கூடிய ஆதாரம் இருக்கிறது. மறுப்பு இரண்டு வேலை நாளுக்குள் காரணத்தோடு எழுத்தில் வர வேண்டும். வராவிட்டால் நிகழ்ச்சி நடக்கும். மேஜையில் கடிதம் தூங்கினால் நஷ்டம் தூங்கவிட்டவருக்கு.

பிரின்சிபாலுக்கும் இதில் லாபம் உண்டு, அதைத்தான் ஆட்சிக்குழுவில் முதலில் சொல்ல வேண்டும். அவர் எதையும் ஆமோதிக்கவில்லை, தகவல் பெற்றுக்கொண்டார், அவ்வளவுதான். "எப்படி அனுமதித்தீர்கள்?" என்று போனில் கேட்கும் எம்.எல்.ஏ.விடம், "எங்கள் விதியில் அனுமதி என்று ஒன்றே இல்லைங்க" என்று சொல்லலாம்.

கூடவே, மற்ற மூன்று வரைவிலும் இல்லாத பிற்பகுதி ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன். கையெழுத்தில்லாப் புகாரை எடுக்கக் கூடாது. புகார் வந்தால் துறை சார்ந்த ஒருவரும் மாணவர் பிரதிநிதி ஒருவரும் உள்ள குழு விசாரிக்கும். முடிவு வரும் வரை ஆசிரியரின் பொறுப்பும் மாணவரின் வருகைப் பதிவும் தேர்வும் அப்படியே இருக்கும். முழுக் காணொளியைப் பார்க்காமல் துண்டு வீடியோவை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

இந்த முறைக்கும் குறை உண்டு. சுயநிதிக் கல்லூரியில் குழுவில் இருக்கும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பதே மேனேஜ்மென்ட். அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்று தெரியாதவர் எந்த விதியை வைத்துக்கொண்டும் எதிர்த்துப் பேச மாட்டார். வெளியிலிருந்து ஒருவரை, ஓய்வுபெற்ற பேராசிரியரோ வழக்கறிஞரோ, குழுவில் வைத்தால் கொஞ்சம் தாங்கும்; முழுசாகத் தாங்காது. சின்னக் கல்லூரியில் இரண்டு நாளில் குழு கூடுவதும் சிரமம். மாணவர் இதழுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. அச்சாகி வெளியே போவதில் ஆசிரியர் பொறுப்பு ஒருவருக்கு இருந்தாக வேண்டும், எனவே இதழுக்கு ஓர் ஆசிரியர் குழுவை நியமித்து முழு முடிவையும் அவர்களிடம் விட்டுவிடுவது மேல்.

ஆசிரியர்கள் கல்லூரிக்கு வெளியே எழுதுவதையும் பேசுவதையும் இந்த விதிக்குள் கொண்டுவரலாமா என்று நண்பர் கடைசியில் கேட்டார். வேண்டாம். தேவனாம்பட்டினத்துப் பெரியார் அரசுக் கல்லூரி ஆசிரியர்களுக்கு 1973 தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் இருக்கின்றன. அரசைப் பொதுவில் விமர்சிப்பதற்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. சுயநிதிக் கல்லூரிக்கு அந்தத் தளை கிடையாது, தானாகப் போய் மாட்டிக்கொள்வானேன்? புதுவையில் பாரதிதாசன் 1909 முதல் 1946 வரை பிரெஞ்சு அரசின் பள்ளிகளில் ஆசிரியராக இருந்துகொண்டேதான் எழுதினார். கல்லூரி கேட்க வேண்டியது ஒன்றுதான்: கல்லூரியின் சார்பில் பேசுவதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

ஆட்சிக்குழு முழு வரைவையும் ஏற்காது என்று நண்பர் நினைக்கிறார், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். "முன் அனுமதி" என்ற தலைப்பை விட மாட்டோம் என்று பிடிவாதமாக இருந்தால் தலைப்பை அவர்களுக்கே விட்டுவிடலாம். பேரம் பேச ஒரே ஒரு வரியை வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்: இரண்டு வேலை நாளுக்குள் எழுத்தில் மறுப்பு வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும். அதை மாணவர் கையேட்டில் அச்சடிக்க வேண்டும், கடிதம் கொடுத்ததற்குத் தேதியோடு அலுவலக முத்திரை போட்டுக் கொடுக்க வேண்டும். முத்திரை போடும் வேலையை பிரின்சிபாலின் உதவியாளரிடம் விடாமல் அலுவலகக் கண்காணிப்பாளரிடம் கொடுப்பது நல்லது. அவர் மேஜை எப்போதும் திறந்திருக்கும்.